மேஜர் மொட்டையடித்துக்கொண்ட வாரம்

நொலீன் காரிட்டி முப்பது வருஷம் பெல்லிங்கென் ஊர்க் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை நடத்தியவள். கடையை விற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. வசந்தம் பிறந்துவிட்டால் போதும், சாயங்காலம் அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் அவள் வாசலுக்கு வந்துவிடும். காது மடலில் தொடங்கி விரலிடுக்கு வரை தடவித் தடவி, காட்டுப் புதரிலிருந்து ஒட்டிவந்த உண்ணிகளைப் பிடுங்கி எறிவாள். கண்ணால் மட்டும் தேடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம்.

"உண்ணி என்ன, போர்டு எழுதி மாட்டிக்கிட்டா உக்காந்திருக்கும்?" என்பாள்.

அந்த வாரம் வராத ஒரே நாய், பக்கத்து வீட்டு மெர்வ் ஸ்டபிங்ஸின் மேஜர். நீள முடியுள்ள கோலி இனத்து நாய். சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் நாய்களுக்கான அழகுப் போட்டியில் நிற்கப்போகிறது. மெர்வ் சீப்பும் கையுமாகவே திரிந்தான்.

"உண்ணி மருந்துப் பட்டை எங்க மெர்வ்? கழுத்து வெறுமையா இருக்கு?"

"கழட்டிட்டேன். அது கிடந்த எடத்துல முடி அமுங்கிப்போச்சு. சனிக்கிழமை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

"உண்ணிகிட்டயும் சொல்லிட்டியா, சனிக்கிழமைக்கு அப்பறம் வான்னு? கொண்டா, தடவிப் பாக்கறேன்."

"உன் கை பட்டா சீவினதெல்லாம் கலைஞ்சிரும். தூரமாவே நில்லு தாயே."

நொலீனுக்குச் சுருக்கென்றது. எக்கேடும் கெட்டுப் போ என்று வந்துவிட்டாள். அவளும் ரோஷக்காரிதான்.

வியாழன் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மேஜர் குரைத்தது. குரல் கம்மியிருந்தது. ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இந்தக் கரையோரத்து உண்ணி முதலில் குரலைக் கெடுக்கும், அப்புறம் பின்னங்கால், கடைசியில் மூச்சு. மேஜருக்கு அதற்குள் பின்னங்கால்கள் பின்னத் தொடங்கியிருந்தன. பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே பட்டாணி அளவில் ஒன்று உப்பிக் கிடந்தது. பிடுங்கினாள்.

"எடுத்தாச்சுல்ல, சரியாயிடும்" என்றான் மெர்வ்.

"விஷம் உள்ள எறங்கியாச்சு. பேசாம வண்டிய எடு!"

கால்நடை மருத்துவர் இளம்பெண். விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும் சார். இந்த அடர்த்தியில தேடிக்கிட்டிருந்தா நாய் தாங்காது. மொத்தமா மழிக்கணும்."

மெர்வ் மேஜரின் பிடரி முடியைக் கோதினான். மூன்று வருஷம் குழந்தை மாதிரி சீவி வளர்த்த முடி. மேஜரின் விலா மேலும் கீழும் இழுத்தது. நொலீனுக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை, பயமாக இருந்தது.

"நொலீன், நீயே எடுத்துடு. உன் கைதான் பதறாது" என்றான்.

மருத்துவர் தலையசைத்தாள். நொலீன் மெஷினை வாங்கினாள். தரையெங்கும் முடி குவிந்தது. முன்னங்கால் அக்குளில் இன்னொரு உண்ணி சிக்கியது.

சனிக்கிழமை மதியம், கண்காட்சித் திடலில் பாண்டு வாசிக்கும் நேரத்தில், இருவரும் மருத்துவமனை பெஞ்சில் இருந்தார்கள். மருத்துவர் கதவைத் திறந்தாள். இளஞ்சிவப்புத் தோலோடு ஒல்லியாக ஒன்று தள்ளாடி வந்தது.

"இது என் நாய் இல்லம்மா" என்றான் மெர்வ். "யாரோ ஆட்டை ஓட்டிட்டு வந்திருக்கீங்க."

மேஜர் நேரே வந்து அவன் முழங்காலில் மூக்கை வைத்தது. கண்காட்சிக்கென்று தேய்த்து வைத்திருந்த கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்து, அதைக் கட்டிக்கொண்டு மெர்வ் விக்கி விக்கி அழுதான்.

நொலீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் அழுவது தெரிந்தால் அவன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.