யாருக்கும் தெரியாத பேர்

ஐம்பதுகளில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தேசம் இருந்தது. துவைக்கிற கல்தான் அதன் மலை. ஞமுக்கு என்று பேர். கிணற்றடியிலிருந்து வாழைக்குப் போகும் வாய்க்கால் ககூரி ஆறு. எல்லையைக் காத்தவன் தொமிலன். பார்ப்பவர்களுக்கு அவன் வெறும் சப்பாத்திக்கள்ளி, அக்காவுக்கும் எனக்கும் ஏழடி வீரன். திண்டுக்கல்லில் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காவல்காரன் இல்லாமல் விளையாட்டு ஏது?

பேர் வைப்பதில் அக்கா கறார். உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பேர் எதுவும் கூடாது. அதற்கு அவள் ஒரு கதை கட்டியிருந்தாள். ஆளெடுப்பான் என்று ஒருவன் வருவான். தனக்குத் தெரிந்த பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். பதில் சொன்னவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குத் தெரியாத பேர் என்றால் தப்பித்தோம். பேர் புதுசுதானா என்று தபால்காரரிடம் கேட்போம். ஊர்ப்பட்ட பேரெல்லாம் அவர் கையில்தானே போகிறது. அவரும் சைக்கிளை நிறுத்தி யோசிப்பார். இந்தப் பேரில் பாலசமுத்திரத்தில் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லி எங்கள் அருமையான தளபதிகளைத் தள்ளிவிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். தொமிலன் மட்டும் கேட்டவுடனே தேறினான்.

பக்கத்து வீட்டு அத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது மகன் பிறந்ததும், வழக்கப்படி குப்பைமேட்டில் கிடத்தி, தவிடு கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். குப்பை என்றே பேரும் வைக்கச் சொன்னார் மாமியார். அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"போன பிள்ளைக்குப் பிச்சைன்னு வச்சோம். அந்த மாதிரிப் பேரெல்லாம் எமனுக்குப் பழகிப்போச்சு போல. ஒங்க ஊருப் பேரு ஒண்ணு குடுங்கத்தா."

வெளியே கொடுத்த பேர் தேசத்தில் இருக்கக் கூடாது என்பதும் அக்காவின் சட்டம். வேறு எதையாவது கொடு என்று நான் காலை உதைத்தேன். அவள் தபால்காரரை இன்னொரு தடவை கேட்டுவிட்டு, தொமிலனைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இது சாமி பேரா, மனுசன் பேரா என்று மாமியார் சண்டைக்கு வந்தார். அத்தை அசையவில்லை. பிள்ளையின் காதில் ஒரே ஒரு தடவை பேரைச் சொன்னார். அதன்பின் அப்பு என்றுதான் கூப்பிட்டார். எங்கள் கதை நிஜத்தில் பலிக்குமா என்று எனக்கு ஓயாத குறுகுறுப்பு. அவனுக்குக் காய்ச்சல் கண்டால் அதுவே பயமாகிவிடும். சுவரேறி எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பிழைத்து எழுந்து ஓடி வந்தான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது வந்தது. அங்கே தினமும் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களே, ஊருக்கே தெரிந்த பேராகிவிடுமே என்று அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாள் துணைக்கு எங்களையும் கூட்டிப்போய் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார். வாத்தியார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தவர், ஓரிடத்தில் சற்றுத் தடுமாறினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"தொமிலன்."

பையன் எழுந்தான். "உள்ளேன் ஐயா" என்றான். வாத்தியாருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக.

அத்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஏலே தொமிலா, சத்தமாச் சொல்லு."