ஓடிக்கொலோன் போட்ட இசைத்தட்டு

என் வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையிலுள்ள தூசியை ஒருதரம் கையால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு. ஆனால் எட்டு வயதில் நான் துடைப்பதில் ஒரு பேய். கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பேன். ஒருமுறை கறிக்கு வைத்திருந்த கத்தரிக்காயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி அடி வாங்கியிருக்கிறேன். அடிக்குப் பயந்து விட்ட தொழில் அல்ல அது. வேறு ஒரு காரணம் இருக்கிறது.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தோம். அப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெளியே தமிழ் காதில் விழாத காலம். வீட்டில் யாராவது சண்டை பிடித்தால்தான் உண்டு. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் கானாவிலிருந்து வந்திருந்தார். மண்ணைப் பற்றிப் படித்த மனிதர், ஐம்பதை நெருங்கும் வயது. எனக்கு அவர் கானா அங்கிள். ஞாயிறு மத்தியானங்களில் கக்கத்தில் ஒரு தலையணை உறையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். உறைக்குள் ஒரே ஒரு கறுப்பு இசைத்தட்டு இருக்கும். அந்தப் பழைய தட்டுகள் ஓடுகிற வேகத்தில் சுற்றக்கூடிய றேடியோகிராம் எங்களிடம் மட்டுமே இருந்தது.

தட்டில் பாடியவர் அவருடைய அப்பா. கப்பலில் சமையல்காரராக லண்டனுக்குப் போனவர். அந்தக் காலத்தில் லண்டன் கம்பனி ஒன்று, மேற்கு ஆபிரிக்கக் கரையில் விற்பதற்கென்றே, லண்டனில் அகப்பட்ட ஆபிரிக்கர்களைப் பிடித்து அவரவர் மொழியில் பாடவைத்துத் தட்டுப் போட்டிருக்கிறது. பாட்டு கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தது. பாடியவர் வரவில்லை. லண்டனிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனார். கானா அங்கிள் அப்போது தாயின் வயிற்றில். தகப்பனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. தாய் கடையில் வாங்கி வைத்த அந்தத் தட்டு ஒன்றுதான் மிச்சம்.

பாட்டு மூன்று நிமிடம். கீச்சுக்கும் கரகரப்புக்கும் நடுவே எங்கோ தொலைவில் ஒரு குரல் கேட்கும். கானா அங்கிள் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாத்தியாருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை மாதிரி இருப்பார்.

"பாவம், தடிமன் பிடிச்ச மனுசனைப் பாட விட்டிருக்கிறாங்கள்," என்பார் அம்மா தமிழில்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. அம்மாவின் வீணை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டது. கலைமகளுக்கு முன்னால் வைக்க எங்களிடம் இருந்தவை அப்பாவின் ஆராய்ச்சித் தாள்களும் என் கணக்குக் கொப்பியும்தான். என் கணக்கைப் பார்த்தால் கலைமகளே எழும்பிப் போய்விடுவாள் என்று அம்மா பயந்திருக்க வேண்டும். கானா அங்கிளிடம் தட்டைக் கேட்டார். பூசையில் வைத்து, விஜயதசமியன்று எடுத்து, முதல் பாட்டாக அதைப் போடலாம் என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கிளுக்குக் கண் கலங்கியது. தட்டை ஓர் இரவும் பிரிந்திராத மனிதர் உறையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

பூசைக்கு வைக்கிற எதையும் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துத்தான் வைக்க வேண்டும். துடைக்கிற வேலை யாருக்கு? பேய்க்குத்தான்.

கொப்பி, புத்தகமெல்லாம் முடித்துத் தட்டுக்கு வந்தேன். எனக்குத் தடிமன் வந்து மூக்கடைத்தால் அம்மா கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரை ஊற்றி நெற்றியில் போடுவார். தட்டில் பாடுகிற இந்த மனிதருக்கோ எத்தனையோ வருடத் தடிமன். போத்திலை எடுத்துத் தாராளமாக ஊற்றித் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது. இன்னும் துடைத்தேன், இன்னும் கறுப்பு. எவ்வளவு ஊத்தை! ஒரு பக்கம் முடியும்போது போத்திலும் முடிந்துவிட்டது. அதன் மேல் பொட்டை வைத்தேன்.

அந்தத் தட்டு அரக்கில் செய்தது. ஓடிக்கொலோனில் இருக்கிற சாராயச் சத்துப் பட்டால் கரைந்துவிடும். இதைப் பிற்பாடு ஒரு பழைய சாமான் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றோடு துடைக்கிற துணியைக் கீழே வைத்தவள்தான்.

விஜயதசமியன்று கானா அங்கிள் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அப்பா பொட்டைத் துடைத்துத் தட்டைப் போட்டார். உஸ்ஸென்று மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அப்பா ஊசியை மாற்றினார். அதே மழை. அம்மா குனிந்து தட்டை மணந்தார்.

"என்னடி செய்தனி?"

"ஓடிக்கொலோன் போட்டனான். அவருக்குத் தடிமனெல்லோ!"

அங்கிள் அப்பாவைப் பார்த்தார். நான் செய்ததை அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா கையை ஓங்கினார். அங்கிள் எழும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இரண்டு பக்கமுமா துடைத்தாய்?"

"இல்லை அங்கிள். போத்தில் முடிஞ்சுபோச்சு."

என் குரலில் வருத்தம் இருந்தது, பாதி வேலையில் நின்றுவிட்டதே என்று.

அந்தத் தட்டின் மற்றப் பக்கத்திலும் ஏதோ பதிந்திருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அதை எங்கள் வீட்டில் ஒருநாளும் போட்டதில்லை. அதில் வேறொருவர் தனியே கிட்டார் வாசித்திருந்தார், பாட்டே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே அறையில் பதிந்தவை, பாடுகிற முறைக்காகத் தன் தகப்பன் அங்கேதான் காத்திருந்திருப்பார், அவருடைய ஒரு செருமலாவது இதில் பதிந்திருக்கலாம் என்று அங்கிள் மெதுவாகச் சொன்னார். அம்மா குசினிக்குள் போய்விட்டார். 

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தார். கிட்டார்ப் பக்கத்தைப் போடுவார். கதிரையில் இருப்பதில்லை. றேடியோகிராமுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, பலகையில் காதை வைத்திருப்பார். கிட்டார் சற்று ஓய்கிற இடங்களில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்.

"நல்லாயிருக்கா, அங்கிள்?" என்று கேட்பேன்.

"மிக நன்றாயிருக்கிறது," என்பார், காதை எடுக்காமலே.

எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. நான் மட்டும் துடைத்திருக்காவிட்டால், அந்தப் பக்கம் கிடக்கிற இவ்வளவு நல்ல கிட்டாரை இந்த மனிதர் போட்டுக் கேட்டிருக்கவே மாட்டார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.