சாரலில் சாயம் போன சேலை

போன செவ்வாய்க்கிழமை. முதலாண்டு வேதியியல் வகுப்பு. “சமநிலைன்னா என்ன?” என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

“வினை நின்னு போறது மேம்!” முதல் பெஞ்சிலிருந்து பளிச்சென்று பதில்.

வருடா வருடம் வருகிற பதில்தான். மாணவிகள் மாறுவார்கள். பதில் மாறாது. விஸ்வநத்தத்துப் பிள்ளை சொன்னாலும் தாயில்பட்டிப் பிள்ளை சொன்னாலும் இதே குரல், இதே நம்பிக்கை!

“நிக்காதும்மா... அங்கதான் விஷயமே—” என்று ஆரம்பிப்பதற்குள் வாசலில் பியூன்.

“மேடம், ஆபீஸ்ல உங்களுக்குப் போன். ரொம்ப அவசரமாம்.”

‘அவசரம்’ என்ற சொல்லைக் கேட்டால் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுத்தான் அடிக்கும். காரணத்தை நான் விளக்க வேண்டுமா என்ன? ஓடினேன்.

போனில் ஜமால் அண்ணன். “டீச்சர்... சேலை சாயம் போயிருச்சாம்!”

“யாரு சேலை அண்ணே?”

“காலண்டர்ல நிக்குற பொம்பள சேலை!”

சிரிப்பு வந்தது. அவர் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டது. மனிதர் அழுகிற நிலையில் இருந்தார்.

ஜமால் அண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பள்ளித் தோழி நூர்ஜஹானின் கணவர். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து அச்சாபீஸ் நடத்திக்கொண்டிருந்தவர், ஏதோ மனவருத்தத்தில் போன வருடம் தனியாக வந்துவிட்டார். விஸ்வநத்தம் ரோட்டில் ஒரு ஷெட், ஒரு பழைய மெஷின். காலண்டர் அடிப்பதாகத் திட்டம்.

சிவகாசியில் புதிதாகக் காலண்டர் அடிக்க வருவது என்பது, கடலோரத்தில் போய் உப்புக் கடை போடுகிற மாதிரி. யார் வாங்குவார்கள்? அன்றைக்கு அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார். “எவன்கிட்டயும் இல்லாத அயிட்டமா ஒண்ணு சொல்லுங்க டீச்சர். நீங்கதான் அம்புட்டுப் படிச்சிருக்கீகளே!”

படித்தவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் சும்மா இருப்பாளா? மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோபால்ட் குளோரைடு கரைசலில் நனைத்துக் காய வைத்த தாள். நல்ல நீல நிறம். ஆவி பறக்கும் டீ டம்ளருக்கு மேலே பிடித்தேன். நீலம் மெல்ல ஊதாவாகி, ஊதா ரோஸாகிவிட்டது. வெயிலில் வைத்தேன். மறுபடி நீலம்!

விஷயம் இவ்வளவுதான்: அந்த உப்பு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டால் ரோஸ், தண்ணீரை விட்டுவிட்டால் நீலம். காற்றில் ஈரம் கூடினால் ஒரு பக்கம் சாயும், குறைந்தால் இன்னொரு பக்கம் சாயும். முதலாண்டுப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் அம்புக்குறி போட்டு எழுதுவோமே... அதேதான்.

ஜமால் அண்ணனுக்கு அம்புக்குறியெல்லாம் தேவைப்படவில்லை. “இத ஒரு பொம்பளைக்குச் சேலையா உடுத்திவிட்டா?” என்றார். வியாபாரி மூளை!

அப்படியே செய்தார். அட்டையில் ஓர் அழகான பெண். சேலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்த மருந்தில் ஊறிய பிளாட்டிங் பேப்பர். வாயில் வைத்தால் ஆகாத உப்பு என்பதால், ‘பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டவும்’ என்று பின்பக்கம் போடச் சொன்னேன். போட்டார். ‘வெயிலுக்கு நீலம், மழைக்கு ரோஸ்’ என்று முன்பக்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் போடவில்லை.

ஏன்? ஆர்டர் கொடுத்தவர் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. “அந்த எடத்துல நம்ம சங்கரன்கோவில் பிராஞ்ச் அட்ரஸ் போடும். மழை வந்தா தன்னால தெரிஞ்சிட்டுப் போவுது” என்று சொல்லிவிட்டாராம்.

தன்னால தெரிந்துவிட்டது. எப்படி என்றால்...

ஜனவரியில் மாட்டியதிலிருந்து நீலச் சேலையிலேயே நின்றாள் அந்தப் பெண். நடுவில் ஒன்றிரண்டு கோடைமழைக்கு லேசாக முகம் மாறியிருப்பாள், யார் கவனித்தார்கள்? இப்போது ஜூன். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. நாள் முழுக்க ஈரக்காற்று. ஊரெல்லாம், வீடெல்லாம், அண்ணாச்சி கொடுத்த காலண்டரெல்லாம் — ரோஸ்!

ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ‘காலண்டர் சேலையே சாயம் போவுது, கடைச் சேலை என்ன லட்சணத்துல இருக்கும்?’

“ஜவுளிக்கடைக்காரருக்கு இதவிடக் கெட்ட பேரு உண்டா டீச்சர்? ‘மொத்தத்தையும் தூக்கிட்டுப் போ, இனிமே தென்காசிப் பக்கம் ஒன் காலண்டர் ஒண்ணு தொங்காது’ங்குறாரு. ஆடி மாசம் அடுத்த வருஷ ஆர்டர் எடுக்கணும். மொத வருஷமே பேரு கெட்டுப்போச்சுன்னா நான் திரும்ப எங்க அண்ணன் வாசல்லதான் போயி நிக்கணும். நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜமால் அண்ணனோடு பஸ் ஏறினேன். ராஜபாளையம் தாண்டும் வரை வெயில். அதற்கப்புறம் ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம்.

கடைக்குள் நுழைந்ததும் புரிந்துவிட்டது... இரண்டு வார்த்தையில் முடிகிற காரியம் இல்லை. கல்லாவுக்கு முன்னால் ஓர் அம்மாள். ஒரு கையில் ரோஸ் காலண்டர், இன்னொரு கையில் கடைப் பை. பேச்சியம்மாள் என்று பெயர். மகளுக்குக் கல்யாணம், பைக்குள் இருப்பது அரக்குக் கலர் கூறைப்பட்டு. சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். ஒருவரும் சேலை வாங்க வந்த மாதிரி தெரியவில்லை.

“சுவத்துல சும்மா தொங்குனதே வெளுத்துப் போச்சு அண்ணாச்சி! மணவறையில எம்மவ மேல சாயம் எறங்குனா மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன பேசுவாக? சேலையத் திருப்பி எடுத்துக்கிடுங்க.”

அண்ணாச்சி எங்களைப் பார்த்த பார்வையில் அந்த ஊர்ச் சாரலே ஆவியாகியிருக்கும். “இந்தா வந்துட்டாக. காலேஜ் டீச்சராம். கேளுங்க!”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “இது சாயம் போறது இல்லம்மா. மீள்வினை. காற்றில் ஈரப்பதம் அதிகமாகும்போது சமநிலை நீரேற்றம் அடைந்த அயனியின் பக்கம்...”

பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எதிரே இருப்பவர்களுக்குப் புரியவில்லை என்றால் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். இங்கே கண்ணைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேர் எனக்கு முதுகைக் காட்டிவிட்டார்கள்.

அப்போது எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு சேல்ஸ்மேன் முன்னால் வந்தார். கழுத்தில் டேப், முகத்தில் பிளஸ் டூ ஞாபகம். “எனக்குத் தெரியும் அக்கா! லிட்மஸ் பேப்பர்தானே? ஆசிட் பட்டா செவப்பு, காரம் பட்டா நீலம்!”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு...

“ஏ யம்மா! சேலையில ஆசிட்டா?”

“இல்ல இல்ல, இதுல ஆசிட் எல்லாம் இல்ல. அப்படியே இருந்தாலும் எல்லா ஆசிட்டும் ஆளை எரிக்காது. சோத்துல ஊத்திக்கிற ரசமே ஆசிட்தான். மோரும் ஆசிட்தான்” என்றேன்.

நூற்றுக்கு நூறு உண்மை. சொல்லியிருக்கக் கூடாத உண்மை. ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்! ஜமால் அண்ணன் மெல்ல என் காதருகே வந்தார். “டீச்சர்... நெலம இப்ப மோசமாயிருச்சு.”

மூச்சை இழுத்துவிட்டுப் பேச்சியம்மாளிடமே திரும்பினேன். “அக்கா, ஒண்ணு கேக்கேன். வெள்ள வேட்டியில மஞ்சக் கறை பட்டிருக்கு. சோப்புப் போட்டா என்ன ஆகும்?”

“செவப்பா ஆவும். எல்லாருக்குந்தான் தெரியுமே.”

“நல்லா அலசினா?”

“திரும்ப மஞ்சளாயிரும்.”

“அப்ப, செவப்பா இருந்தப்ப மஞ்சள் எங்க போச்சு?”

யோசித்தார். “எங்கயும் போவல... அங்கனதான் இருந்திருக்கு.”

“அதேதான்! சாயம் போனா திரும்பி வராது. இது திரும்பி வரும்.” காரமான சோப்பு பட்டால் மஞ்சள் சிவப்பாவதும், அமிலம் பட்டால் லிட்மஸ் சிவப்பாவதும் இந்தக் காலண்டருக்கு ஒன்றுவிட்ட உறவுதான். அங்கே அமிலமும் காரமும் செய்கிற வேலையை இங்கே வெறும் ஈரம் செய்கிறது. இதை அங்கே சொல்லவில்லை. பட்ட அடி போதாதா?

“திரும்பி வருமா? வரவச்சுக் காட்டுங்க” என்றார் பேச்சியம்மாள்.

நல்லவேளை, ஜவுளிக்கடையில் இஸ்திரிப் பெட்டி இல்லாமல் இருக்குமா? சூடாக்கச் சொல்லி, காலண்டர் மேல் படாமல், அரையடி தள்ளிப் பிடித்தேன். ரோஸ் சேலையின் ஓரம் ஊதாவாகியது. ஊதா நடுவரை பரவியது. முந்தானையிலிருந்து நீலம் இறங்கி வந்தது பாருங்கள்... முதுகு காட்டியவர்கள் எல்லாம் எக்கி எக்கிப் பார்த்தார்கள். குழந்தைக்காரப் பெண்ணும் உள்ளே வந்துவிட்டார்.

“ஆத்தீ!” என்று யாரோ கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. பேச்சியம்மாள் கூறைப்பட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப இந்தச் சேலைக்கு இஸ்திரி போட்டா இதுவும் நெறம் மாறுமா?”

கடவுளே!

“மாறாதுக்கா.”

“எப்படி நம்புறது? இதுக்கும் ஒரு சோதனை போடுங்க.”

நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் என் மாணவி கேட்டிருந்தால் மெச்சியிருப்பேன். ஆனால் கோபால்ட் குளோரைடுக்கு நான் பொறுப்பு. அண்ணாச்சி கடைப் பட்டுக்கு யார் பொறுப்பு? அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. சோதனை செய் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ஜமால் அண்ணன் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

சேலையோடு இருந்த ரவிக்கைத் துணியின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினேன். நன்றாகக் கசக்கினேன். வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துப் பிழிந்தேன்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. டம்ளர் தண்ணீரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அதுவும் அப்படியே. அதே நுனியை இஸ்திரியும் போட்டார்கள். அரக்கு அரக்காகவே இருந்தது.

எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் அண்ணாச்சிதான் என்று எனக்குத் தோன்றியது. அதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் அண்ணாச்சி வேறு ஆளாகிவிட்டார். போனை எடுத்து சங்கரன்கோவில் பிராஞ்சுக்குப் போட்டார். “ஏலே, அங்கன மழை உண்டா? ... இல்லையா? காலண்டர்ல சேலை என்ன கலர்லே?” கேட்டுவிட்டு, போனை வாயிலிருந்து எடுத்துக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார்: “நீலம்! அங்க காத்துல ஈரமில்ல, நீலம். இங்க சாரல், ரோஸ். தெரிஞ்சிதான தாயி நான் இந்தக் காலண்டரப் போட்டேன்!”

ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜமால் அண்ணனைப் பார்த்தேன். இருவரும் தரையைப் பார்த்தோம்.

பேச்சியம்மாள் சேலைப் பையோடு கிளம்பினார். போகும்போது, காலண்டர் மிச்சம் இருந்தால் சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது கடை வாசலில் ஒரு பலகை: ‘மழை சொல்லும் சேலை — எங்கள் கடைக் காலண்டரில் மட்டும்!’ அடுத்த வருட ஆர்டரும் ஜமால் அண்ணனுக்கே என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜமால் அண்ணன் மடியில் வைத்திருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: “நீலமும் இல்லாம ரோஸும் இல்லாம நடுவுல ஊதாவா நிக்குதே டீச்சர், அப்ப அது என்னதான் செஞ்சுகிட்டிருக்கும்? சும்மா நிக்குமா?”

முந்தின நாள் வகுப்பில் பாதியில் விட்டுவிட்டு வந்த கேள்வி! ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வந்திருந்தது. “அந்தா பாருங்கண்ணே. முன்வாசல்ல எறங்குறாக, பின்வாசல்ல ஏறுறாக. பஸ்ஸுக்குள்ள கூட்டம் கூடுச்சா, கொறைஞ்சுச்சா?”

“அப்படியேதான் இருக்கு.”

“ஆளு எறங்குறதும் ஏறுறதும் நின்னுச்சா?”

“எங்க நின்னுச்சு? இடிச்சுத் தள்ளிக்கிட்டுல்ல இருக்காக!” சிரித்தார். கொஞ்சம் கழித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “இந்த ஒரு வருஷமா என் நெலமையும் இப்படித்தான் டீச்சர். வெளிய பாத்தா ஆடாம அசையாம நிக்குறாப்ல இருக்கும். உள்ளுக்குள்ள ஏறுறதும் எறங்குறதும் ஒரு நிமிஷம் நிக்கல. நூருக்கே தெரியாது.”

அவருடைய தோளுக்கு மேல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

‘அவருக்கென்ன, நிம்மதியா இருக்காரு’ என்று எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்போம்! அமைதியாகத் தெரிகிறவர்கள் பெரும்பாலும் நின்றுபோனவர்கள் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள். பக்கத்தில் கொஞ்சம் ஈரம் கூடினால் நிறம் மாறிவிடுவார்கள். அதைச் சாயம் போய்விட்டது என்று சொல்லக் கூடாது, இல்லையா?

வியாழக்கிழமை வகுப்பில் இந்தப் பஸ் கதையைச் சொன்னேன். இந்த வருடத் தேர்விலாவது பதில் மாறுமா என்று பார்க்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜமால் அண்ணனிடமிருந்து மறுபடி போன். குரலில் ஒரே உற்சாகம். “டீச்சர்! தென்காசி விஷயம் கேள்விப்பட்டு ஒரு பெரிய ஆர்டர் தேடி வந்திருக்கு. நகைக்கடை! அந்தப் பொம்பள கழுத்துல கிடக்குற நகையை நெறம் மாத்த முடியுமான்னு கேக்காக...”

அண்ணே, வெளுத்த தங்கத்துக்குச் சமாதானம் சொல்ல நான் எந்த ஊருக்கும் பஸ் ஏற மாட்டேன்!