கொலைகாரியின் மடியில் என் மகன்: கடுகண்ணாவைக்கு ஒரு நாள்

மூன்று வாரம் பிந்தி எழுதுகிறேன். ஏழு மாதக் குழந்தையோடு நேரம் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். அன்று நான் எங்கே சரியாக நடந்தேன், எங்கே பைத்தியக்காரி போல நடந்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை என்பது மற்றது.

கணவரின் தங்கை ஜெசிந்தா ஒரு படக்குழுவில் உடைப் பகுதியில் வேலை செய்கிறாள். 1930களில் நடக்கும் கதை. கௌரவமான கணவன் மனைவியாக ஊர் ஊராகப் போய், ரயிலில் தனியாக வருபவர்களோடு பழகி, சேமிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆளையும் தீர்த்துவிடும் ஒரு சோடி. அவர்களைத் துரத்தும் இரண்டு துப்பறிவாளர்கள். ஒரு காட்சியில் அந்தச் சோடி யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறது. கைக்குழந்தைக்காரரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பேசி வைத்திருந்த குழந்தைக்குக் காய்ச்சலாம். “அண்ணி, ஜோயலைக் கொண்டு வாங்க. அரை மணித்தியால வேலதான். நான் பக்கத்துலயே நிப்பேன்,” என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு சரியாகச் சாப்பிடக்கூட இல்லை நான்.

சனிக்கிழமை காலை 7.40க்குக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நானும் ஜோயலும் பஸ் ஏறினோம். கடுகண்ணாவைக்குப் பதினாறு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், தொண்ணூறு ரூபா. உட்கார இடமில்லை. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டினாள். “பிள்ளையக் குடுங்க, மடியில வச்சிக்கிறேன்.”

நம் பஸ்களில் இது வழக்கம்தானே. பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அன்று மண்டைக்குள் அந்தப் படக்கதை. “புது ஆள்கிட்ட அழுவான்,” என்று பொய் சொன்னேன். ஜோயலோ அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே இருந்தான். அவள் கைகளை மடக்கிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

இறங்கியதும் ஆட்டோ. இருநூற்றைம்பது ரூபா, பத்து நிமிடம்.

“படம் எடுக்கிற எடத்துக்கா? நீங்களா நடிக்கிறீங்க?” என்றார் டிரைவர்.

“நான் இல்ல, இவன்.”

“ஹீரோவா, வில்லனா?”

“கொலைகாரங்க திருடிட்டுப் போற பிள்ளை.”

“ஐயையோ!” என்றவர், அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார்.

அங்கே ஒரு பழைய ரயில்பெட்டியை நிறுத்தி வைத்து, சுற்றிலும் கோட்டும் தொப்பியுமாக ஆட்கள். ஜெசிந்தா நீலச் சேலைக்காரி ஒருத்தியை அழைத்து வந்தாள். “இவங்கதான் நம்ம கொலைகாரி!” அந்த நடிகை சிரித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தொட்டார். “பயப்பிடாதேங்கோ. எனக்கும் ரெண்டு பிள்ளையள்,” என்றார் யாழ்ப்பாணத் தமிழில். ஜோயலின் இடது கன்னத்தில் நான் வைத்திருந்த கறுப்புப் பொட்டை ஒப்பனைக்காரப் பெண் அழிக்கவில்லை. “அந்தக் காலத்துலயும் இருந்திருக்கும்தானே,” என்று அவன் முகத்தைப் போனில் ஒரு படம் மட்டும் பிடித்துக்கொண்டாள்.

10.15க்கு அவனுடைய பகுதி முடிந்தது. பசிக்கு அழத் தொடங்கினான். ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள் என்று அவளிடம் கொடுத்துவிட்டு, பால் கரைக்கச் சுடுதண்ணீர் எடுக்க, தேநீர் போடும் இடத்துக்குப் போனேன். பத்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வரும்போது, ரயில் ஜன்னலில் அதே நீலச் சேலை. கையில் ஜோயலின் சால்வைப் பொதி. கீழே நின்ற கோட்டுக்காரனிடம் அதைத் தூக்கி வீசினாள். போகிற வழியில் தலை ஜன்னல் சட்டத்தில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இடது கன்னத்தில் கறுப்புப் பொட்டு.

போத்தல் கையிலிருந்து விழுந்தது. கத்திக்கொண்டே ஓடி, எதிரில் நின்ற பொலிஸ்காரரின் சட்டையைப் பிடித்தேன். “பிள்ளையக் கொல்றாங்க! பிடிங்க!”

“அக்கா, அக்கா, சட்டையக் கிழிச்சிறாதீங்க! நான் பொலிஸ் இல்ல. தெல்தெனியவுல கோழிக்கடை வச்சிருக்கேன்!”

அப்போதுதான் அவருடைய காக்கி அரைக்காற்சட்டையைக் கவனித்தேன். படத்துக்காகப் போட்ட அந்தக் காலத்துப் பொலிஸ் வேஷம். கோட்டுக்காரன் பொதியைத் திருப்பிக் காட்டினான். ரப்பர் பொம்மை. ஒப்பனைக்காரப் பெண் போனில் பிடித்த படத்தைப் பார்த்து அதே கன்னத்தில் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஜன்னலில் இருந்தவளும் நடிகை இல்லை, அவருக்குப் பதிலாக நின்ற வேறொரு பெண்.

“அண்ணி, பொம்மைய வீசுவாங்கன்னு காலையிலயே சொன்னேனே!” ஜெசிந்தா தலையில் கைவைத்தாள். சொன்னாளா? இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

“ஜோயல் எங்க?”

கூடாரத்துக்குள் ஒரு கதிரையில் நடிகை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், பசியையும் மறந்து, என் மகன் தூக்கம். “மெதுவா. இப்பதான் கண்ணயர்ந்தவர். எனக்குக் கை மரத்துப் போச்சு,” என்று கிசுகிசுத்தார்.

அவன் அழுகையை மூன்று அறை தள்ளியிருந்தும் அடையாளம் காண்பேன் என்று பெருமை பேசுபவள் நான். ஒரு பொம்மைக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வெளியே கோழிக்கடைக்காரர் யாரிடமோ சொல்வது கேட்டது: “நடிப்புன்னா அதுதான்டா! சம்பளத்த அந்த அக்காவுக்குக் குடுங்க!”

1.20க்குத் திரும்பும் பஸ். மறுபடியும் நின்றுகொண்டுதான். மரக்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் கூடையைக் காலடியில் தள்ளிவிட்டுக் கை நீட்டினாள். அவள் முகத்தையே பார்த்தேன். நல்லவளா கெட்டவளா, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொடுத்துவிட்டேன். பேராதனை வருவதற்குள் அவளுடைய தோட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டான். கண்டிவரை நான் கண்ணை எடுக்கவில்லை.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்கு முன்பே பஸ் ஏறிவிடுங்கள். ஆட்டோக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். சுடுதண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டு போங்கள். என்னைப் போலப் பிள்ளையை விட்டுவிட்டுத் தேடிப் போகாதீர்கள். படப்பிடிப்புக்கு என்றால், பொம்மையை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள்.

பஸ்ஸில் யாரை நம்பிப் பிள்ளையைக் கொடுப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் நான் மறுத்த பெண்ணின் முகத்தையும் மத்தியானம் நான் நம்பிய பெண்ணின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.