அலோனில் ஒரு கார்ப் பந்தயம்

கார்ப் பந்தயம் என்று சொல்லி என்னை யாங்கோனின் அலோன் பகுதிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கிடங்குகளுக்குப் பின்னால் நேரான ஒரு சாலை. மறுமுனையை முதலில் தொடுபவருக்கு வெற்றி. கம்பெனி கொடுத்த எஞ்சினில் ஒரு திருகைக்கூட மாற்றியிருக்கக் கூடாது.

நான் இரண்டாவது டீயைக் குடித்தாகிவிட்டது. இதுவரை வாய்கள்தான் ஓடுகின்றன. கணக்கு வேலை பார்க்கும் மேரியின் கார் பழையது, அதைக் கொஞ்சம் முன்னதாக விட வேண்டும் என்கிறது ஒரு கூட்டம். ஒன்றாகக் கிளம்பினால்தான் பந்தயம் என்கிறார் புதுக் கார்க்காரர் குமார். இந்த நேரத்துக்குள் ஓர் எல்லைத் தகராறே தீர்ந்திருக்கும்.

"இந்தக் காரை வைத்துக்கொண்டு என்ன பந்தயம்?" என்று மேரியிடம் கேட்கிறேன்.

"எஞ்சின்ல காசக் கொட்டி ஜெயிச்சா, காசுதான் ஜெயிக்குது அண்ணே. நாளைக்கு நான் வேலைக்குப் போற காரு இது. இதுல ஜெயிச்சாத்தான் நான் ஜெயிச்சது."

கடைசியில் மேரியே சலித்துப்போய், "சரி கோ குமார், ஒண்ணாவே போவோம்" என்கிறார், பர்மிய வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் 'கோ' போட்டு.

கேட்டது கிடைத்த பிறகும் குமாருக்குத் திருப்தியில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, முன்சக்கரம் கோட்டின் மேல் நிற்கலாமா, பின்னால் நிற்க வேண்டுமா என்று நடுவருக்குப் பாடம் எடுக்கிறார். நடுவர் தலையாட்டிக்கொண்டே, கொடிக்குப் பதிலாகப் பிடித்திருந்த கைலியைக் கீழே இறக்குகிறார். மேரியின் கார் பறக்கிறது. குமாரின் பாடம் அப்போதுதான் பின்சக்கரத்துக்கு வந்திருக்கிறது.

மறுமுனையைத் தொட்டுத் திரும்பிய மேரி, கண்ணாடியை இறக்கி அக்கறையோடு விசாரிக்கிறார்.

"கோ, நீங்க இன்னும் கிளம்பலியா?"