ஒன்பதாம் நம்பர் கம்பு

மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஞானஜோதி டீச்சர் கண்ணாடி மாற்றுவார். நெஞ்சுயரக் கம்பு, அதன் உச்சியில் ஒரு சிறு மரத்தட்டு, தட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, மேலே வாஸ்லின் தடவியது. ஒரு வாரம் காற்றில் கிடந்த சில்லை இடுக்கியால் ஓரம் பிடித்து எடுத்துப் பெட்டியில் செருகி, புதியதை வைத்து, நான்கு எட்டு பின்னால் நகர்ந்த பிறகுதான் மூச்சு விடுவார். தன் மூச்சுகூட அதில் படக்கூடாது என்பது அவர் கட்டளை. பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? "கண்ணாடி டீச்சர் என்னமோ மந்திரிக்கா" என்று நாரணாபுரம் டீக்கடையில் பேச்சு. அது டீச்சர் காதிலும் விழுந்தது. "மந்திரிச்சா உடனே பலன் தெரியணும்ல? எனக்கு ரெண்டு வருசமாகும்" என்று சிரித்தார்.

அந்த இரண்டு வருசம் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு. பாடம் கேட்டுப் பரீட்சை எழுதும் எம்.எஸ்ஸி. வேறு, இதில் ஒரு விஷயத்தை எடுத்துத் தானே துருவித் துருவிப் பார்த்து ஆய்வேடு எழுதித் தர வேண்டும். சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே முப்பத்திரண்டு வயதில் பதிவு செய்தார். எடுத்த விஷயம், பட்டாசுக் கம்பெனித் தூசி காற்றோடு எவ்வளவு தூரம் போகிறது என்பது. 1964-ல் இதற்கென்று ஒரு துறை ஏது? மதுரைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் சீனிவாசகம் இரக்கப்பட்டு ரசாயனத்தில் சேர்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா தேவமணிக்கு இதில் ஒரே கேலி. "நான் சளியப் பாக்கேன், நீ தூசியப் பாக்கே. நல்ல குடும்பம்டீ நம்மது!"

எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் கட்டையில் சுண்டுவிரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார் டீச்சர். வீட்டுக்காரிக்குச் சுருக்கென்று இருக்குமே என்று தோன்றவே தோன்றாது. முகத்துக்குப் பவுடர் கிடையாது. தோள் பையில் எப்போதும் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் இருக்கும். தட்டையும் இடுக்கியையும் ஒவ்வொரு கம்பிலும் அதில்தான் கழுவுவார். கிணற்றுத் தண்ணீரில் உப்புப் படிந்துவிடும். கல்லூரியில் மாதம் ஒரு பாட்டில்தான் தருவார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். ஒரு சித்திரை வெயிலில் நாக்கு வறண்ட கண்டக்டர் ஒரு மடக்குக் கேட்டதற்கு, "இது குடிக்கிற தண்ணி இல்ல" என்று பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாராம். கொஞ்சம் அநியாயம்தான்.

மொத்தம் ஒன்பது கம்புகள். எட்டு, நாரணாபுரத்துக் கம்பெனிகளைச் சுற்றியும் அவற்றுக்குக் கிழக்கேயும். ஒன்பதாவது மட்டும் நாரணாபுரத்துக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, குழந்தைகளைப் புதைக்கும் ஒரு பழைய இடுகாட்டில். ஆனி ஆடியில் இங்கே காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கம்பெனித் தூசி முழுக்கக் கிழக்கே போய்விடும். ஆகவே ஒன்பதாவது கண்ணாடியில் கரிசல் புழுதி தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. மற்ற எட்டையும் அதனோடு ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அது கெட்டால் எட்டும் கெட்டது, பட்டமும் கெட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடம் என்றுதான் அதைத் தேர்ந்தார்.

மூன்றாம் வாரம், பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் அந்தச் சில்லை வைத்துப் பார்த்தபோது கரும்புழுதிக்கு நடுவே ஏதோ மினுங்கியது. அலுமினியத் தூள். கம்பெனிகளில் வெள்ளிப் பவுடர் என்பார்கள். காற்றுக்கு எதிராக மூன்று மைல் அது எப்படி வரும்? நாலாம் வாரம் இன்னும் அதிகம். ஆறாம் வாரம் கண்ணாடியின் நடுவில் வாஸ்லின் அழுந்தி, சுழி சுழியாக ஒரு விரல் ரேகை, அச்சடித்தாற்போல வெள்ளியில் பதிந்திருந்தது. டீச்சர் தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. அன்று ஆய்வறையைப் பூட்டும்போது பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது என்று பிறகு அக்காவிடம் மட்டும் சொன்னார்.

இடுகாட்டுப் பக்கம் ஆடு மேய்க்கும் நாகையாவைப் பிடித்து விசாரித்தார். அவன் கம்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்கன யாரும் போக மாட்டாக டீச்சர். பொழுது சாயற நேரத்துல ஒண்ணு மினுமினுன்னு வந்து நிக்கும். கண்ணு மட்டுந்தான் கருப்பாத் தெரியும். நான் ரெண்டு தரம் பாத்துட்டேன். அப்பறம் ஆட்டக்கூட அங்கிட்டுத் திருப்புறதில்ல."

பேராசிரியர் கடிதம் எழுதியிருந்தார். மேல்காற்று ஓய இன்னும் மூன்று வாரம்தான். ஒன்பதாம் எண்ணுக்குப் பூஜ்யம் போட்டுவிடுங்கள், அல்லது கம்பைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டு மிச்ச நாளையாவது காப்பாற்றுங்கள் என்று. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத டீச்சருக்குக் கை வராது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, கடப்பாரையோடு இடுகாட்டுக்குப் போனார்.

கம்பை அசைக்கப் போகையில்தான் கிழக்கேயிருந்து அது வந்தது. இறங்கு வெயில் நேரே முகத்தில் அடிக்க, தலை முதல் கால் வரை வெள்ளியாக ஓர் உருவம். மூக்கு தெரியவில்லை, வாய் தெரியவில்லை. கரிசல் மண்ணில் காலடிச் சத்தமும் இல்லை. டீச்சருக்கு அடக்காமலே மூச்சு நின்றது. அது நேரே கம்புக்கு வந்து, ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் அழுத்தி எடுத்து, தரையில் மண்டியிட்டது. பிறகு நிமிர்ந்து பார்த்தது.

"டீச்சரம்மாவா? பயந்துட்டீகளா? நான் இருளம்மா, கம்பெனியில வெள்ளிப் பவுடர் ஷெட்டுல வேல பாக்கேன்."

உட்கார்ந்தபடியே பேசினாள். "எம் மக இங்கனதான் கெடக்கா. நாலு வயசு. போன ஐப்பசி மழையில மேடெல்லாம் கரஞ்சு, எது எம் பிள்ளன்னு தெரியாமப் போச்சு. எட்டு மாசம் இந்தக் காட்டுல அலஞ்சேன். ஆனியில வந்து பாத்தா கம்பு நட்டு, மேல கண்ணாடி. யாரோ புண்ணியவாளன் எம் பிள்ளைக்கு அடையாளம் வச்சிருக்கான்னு அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. நீங்களா வச்சீக?"

மண் இளக்கமாக இருந்த இடம் என்று டீச்சர் குத்துமதிப்பாக நட்ட கம்பு அது. கடப்பாரையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். "ஆமா" என்றார்.

"கம்பெனி விட்டதும் குளிக்காம நேரா வந்துருவேன். இப்பிடி வந்தாத்தான் அவளுக்குப் பிடிக்கும். 'மின்மினிப்பூச்சி வந்துருச்சு'ன்னு ஓடியாந்து கழுத்தக் கட்டிக்கிடுவா. மூஞ்சிய எம் மேல வச்சுத் தேச்சுத் தேச்சு அவளும் மினுங்குவா. அப்பறம் இருமல் வந்துச்சு. ஒரு வருசம் இருமுனா."

டீச்சர் எட்டுக் கம்பு நட்டு எட்டுத் திக்கிலும் காற்றில் தேடியதை, இவள் தினமும் உடம்பில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பிள்ளை போனது அதனால்தானா என்று எந்தக் கண்ணாடியும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு விரலில் எவ்வளவு வெள்ளி என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் டீச்சர்.

மேற்கே அவள் ஊர்ப் பாதையில் ஒரு குழந்தை வீறிட்டது. இருளம்மாளின் நாத்தனார் கைக்குழந்தையோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். "பிடிங்க மதினி, பசியில உசுர வாங்குதான்." ஆறு மாதப் பையன், கம்பெனி விட்டு வரும் வழியில் தினமும் இங்கேதான் பால் கொடுப்பாளாம். இருளம்மாள் இரண்டு வெள்ளிக் கைகளையும் நீட்டினாள்.

"கொஞ்சம் இரு" என்றார் டீச்சர். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மிச்சமிருக்கும் மூன்று வாரத்துக்கும் இருந்தது அந்த ஒன்றுதான். மூடியைத் திருகி எறிந்தார்.

"அது கண்ணாடி கழுவுற தண்ணியில்லா டீச்சரம்மா? ஒரு வாய் யாருக்கும் தர மாட்டீகன்னு ஊரே சொல்லுது."

"கைய நீட்டு இருளம்மா."

தண்ணீர் விழுந்தது. வெள்ளி கரைந்து முழங்கையில் ஓடி, கரிசலில் சொட்டி, அங்கேயும் மினுங்கியது. இருளம்மாள் வெள்ளி போன தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அழுகிற குழந்தையைப் பார்த்தாள். திரும்பி, கம்பை வெகுநேரம் பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டுவிடுவாளோ என்று டீச்சர்தான் தலை நிமிராமல் இருந்தார்.

பிறகு இருளம்மாள் முந்தானையை ஒதுக்கி, பிள்ளை முகம் வைக்கும் இடத்தைக் காட்டி, "இங்கனயும் ஊத்துங்க" என்றாள்.

டீச்சர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் தட்டித் தட்டி ஊற்றினார்.