பன்னிரண்டு தகடுகளும் விபூதிக் கோடுகளும்

விமான எஞ்சினுக்குள், எரிபொருள் எரியும் இடத்துக்குப் பக்கத்தில், எந்த உலோகமும் நீண்ட நாள் தாங்காது. அந்த இடத்துக்கென்று ஒரு பொருள் செய்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய செரமிக் இழைகளைத் துணிபோல நெய்து, இடுக்குகளை அதே செரமிக்கால் நிரப்பி இறுக்குவார்கள். எடை உலோகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எரிந்த காற்றிலிருக்கும் நீராவி அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அதனால் அதன்மேல் இன்னொரு செரமிக் பூச்சு வேண்டும். அந்தப் பூச்சுதான் என் வேலை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தேன். ஓய்வு பெற்று இலங்கை மலையகத்தின் லிந்துலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. இங்கேயும் அதையேதான் செய்கிறேன்.

பஜாரிலிருந்து நாற்பத்தொரு படி ஏறினால் எங்கள் வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. முன்பு அது மாட்டுக் கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. பட்டறைக்குள் ஒரு சிறிய மின் உலை, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு வைரப்பல் வாள், காற்று பட்டாலே எண் மாறுகிற ஒரு தராசு. பழைய ஆய்வுகூடம் எனக்குத் தகடுகள் அனுப்பும். நான் பூச்சுப் பூசி, சுட்டு, திருப்பி அனுப்புவேன்.

சென்ற வருடம் வந்தவை பன்னிரண்டு தகடுகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. கூடவே ஆய்வுகூடத் தலைவியின் கடிதமும் வந்தது. ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்: இதற்குமேல் தகடு கிடையாது, மாத முடிவுக்குள் குறைந்தது எட்டுத் தகடுகள் நல்ல நிலையில் நீராவிச் சோதனைக்கு வந்து சேர வேண்டும், வராவிட்டால் உங்கள் கலவையைக் கைவிட்டு மற்றக் குழுவினரின் பூச்சை எடுத்துக்கொள்வோம்.

எனக்கு என் கலவையில் சந்தேகம் இருந்ததில்லை. அது நீராவியை மட்டும் தடுப்பதல்ல. விமானம் பறக்கும்போது பாலைவனத் தூசியையும் எரிமலைச் சாம்பலையும் உள்ளே இழுக்கிறது. எஞ்சினின் சூட்டில் அவை உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, பூச்சை ஊடுருவிப் போகும். என் பூச்சில் அந்தக் குழம்பு பட்டால், பட்ட இடத்திலேயே ஒரு கெட்டியான படிகம் உண்டாகி வழியை அடைத்துக்கொள்ளும். இதை நான் ஒன்பது கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒன்பது தடவையும் தலையாட்டினார்கள். சாம்பல் சோதனைக்கு மட்டும் எந்த வருடமும் நேரம் கிடைக்கவில்லை.

பூச்சுப் பூசுவது எளிய வேலைபோலத் தெரியும். பால்போன்ற கரைசலில் தகட்டை முக்கி, ஒரே சீராக மேலே இழுத்து, காய வைத்து, மறுபடியும் முக்க வேண்டும். தகட்டுக்கு ஐந்து தடவை. மொத்தம் அறுபது. இழுக்கும் வேகம் கூடினாலும் குறைந்தாலும் தடிப்பு மாறும். நான்கு நாளில் அறுபதையும் முடித்தேன். அந்த நான்கு நாளும் மழை, பனிமூட்டம். ஈரம் ஏறாமலிருக்க ஜன்னலை மூடுவதும், கரைசலின் வாடை தாங்காமல் திறப்பதுமாகவே போனது.

அடுத்த நாள் உலையை மூட்டத் தயாரானேன். அன்றைக்கு ஆயுத பூசை.

உலையின் வயர்களைப் பார்ப்பவர் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையின் பிட்டர். ஐம்பது வயதுக்காரர். தேயிலை மெசின்களின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். காலையில் வந்தார். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இன்னைக்கு சுவிச்சில கை வைக்க மாட்டேங்க. பெக்டரியில தேயிலை உருட்டுற ரோலரே நிக்குது. உங்க உலை என்ன, அதைவிடப் பெரிய ஆளா?"

"இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. கூரியருக்கு ஏழு. சூடேத்தி ஆற வைக்க ரெண்டு. பாத்து, பொதி கட்ட ஒண்ணு. கூட்டிப் பாருங்க."

"கூட்டியாச்சுங்க. பத்து. ஒரு நாள் மிச்சம் கெடக்கே. அந்த ஒரு நாளு சாமிக்கு."

என் மனைவி நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். வெளிநாட்டில் இருந்தபோதும் ஆயுத பூசையை விட்டதில்லை. அங்கே தையல் மெசினுக்கும் மைக்ரோவேவுக்கும் பொட்டு வைத்தாள். அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அவரு சொல்றது சரிதாங்க. வருசம் பூரா அதுகளைப் போட்டு வறுத்தெடுக்கிறீங்க. ஒரு நாளு மூச்சு விடட்டும்."

இருவரிடமும் தோற்று, கூரியர் வண்டி எப்போது புறப்படும் என்று கேட்டுவரப் பஜாருக்கு இறங்கினேன். திரும்பி வந்தபோது பட்டறை கழுவித் துடைக்கப்பட்டு, சாம்பிராணி மணத்தோடு இருந்தது. உலை, வாள், தராசு, நுணுக்குக்காட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பதினேழு பொட்டு எண்ணினேன். தராசின் தட்டில் எதுவும் படவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். பொரியும் கடலையும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் நானும் பிட்டரும் தகடுகளை உலைக்குள் அடுக்கினோம். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் பன்னிரண்டு. விளிம்பில் பிடித்து, விளிம்பைப் பார்த்தபடியே எண்ணினேன். தகட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை உலையைத் திறந்தபோது முதல் தகட்டின் முகத்தில் மூன்று கோடுகள் பளபளத்தன. இரண்டாவதிலும் மூன்று. பன்னிரண்டிலும் இருந்தன. கண்ணாடியை உருக்கி இழுத்ததுபோல, சமமான இடைவெளியில், படுக்கைவசமாக முப்பத்தாறு கோடுகள். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிட்டர்தான் வாசல் பக்கம் திரும்பி, "அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்றார்.

அவள் வந்து பார்த்தாள். ஒளிக்கவில்லை. "நாந்தான் பூசினேன். நீங்க நாலு நாளா அதுக்காகத் தூங்காமக் கெடந்தீங்க. மெசினுக்கெல்லாம் வச்சிட்டு அதை மட்டும் விட மனசு வரல. குங்குமம் வச்சா செவப்பு ஒட்டிக்கும்னு யோசிச்சு, வெறும் விபூதிதான் தண்ணியில கொழைச்சுப் பூசினேன். வெள்ளை மேல வெள்ளை, என்ன ஆகப்போகுதுன்னு…"

"விபூதி சாம்பல்."

"சாம்பல்தான். அது எரிஞ்சு முடிஞ்சதுதானே? இன்னும் எரியுமா?"

எரியாது. உருகும். விபூதியில் சுண்ணாம்புச் சத்தும் மணல் சத்தும் உப்பும் இருக்கின்றன. எஞ்சின்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ கிட்டத்தட்ட அதே சேர்மானம். அதை என் கடைசிப் பன்னிரண்டு தகடுகளிலும் பூசி, அது உருகும் அளவுக்கு நானே சூடேற்றியிருக்கிறேன். இருபத்தெட்டு வருட வேலை மூன்று விரலால் முடிந்துபோனது என்று கத்தினேன். இன்னும் சிலதும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத விரும்பவில்லை. அவள் போய் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

பிட்டர் ஒரு தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மேலாகத் தேச்சு எடுத்துட்டா யாருக்குங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒண்ணை அறுத்துத்தான் பாருங்களேன். உள்ள போயிருக்கா இல்லையான்னு. கத்துறதுக்கு அப்புறமும் நேரம் இருக்குங்க."

கணக்குப் போட்டேன். எட்டு வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை அறுத்தால் பதினொன்று மிஞ்சும். அறுக்கலாம். ஒரு தகட்டைக் கோடுகளின் குறுக்காக அறுத்து, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். பூச்சின் தடிப்பை இருபது பங்காகப் பிரித்தால், சாம்பல் மூன்று பங்குக்குள் இறங்கி நின்றுவிட்டிருந்தது. அதன் கீழே, ஒழுங்காக அடுக்கிய ஊசிகள்போல, படிகங்கள். அவற்றுக்குக் கீழே பூச்சு முக்கியெடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒன்பது கூட்டங்களில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய படம்தான். இப்போது அது வரைந்ததல்ல.

பிட்டரை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "வேலி போட்ட மாதிரி இருக்குங்க" என்றார்.

மீதிப் பதினொன்றையும் லென்ஸ் வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஏழாவது தகட்டில் மட்டும் இரண்டு கோடுகள் உள்ளே இறங்கி, அடித்தகட்டின் கறுப்புத் தெரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தத் தகட்டை நான்காம் தடவை இழுக்கும்போது ஜன்னல் வழியாகப் பனி புகுந்தது. மூடுவதற்கு அவசரப்பட்டு, கண்டபடி இழுத்துவிட்டேன். அங்கே பூச்சு மெலிந்திருக்கிறது. பிழை விபூதியில் இல்லை, என் கையில் இருந்தது.

சமையலறைக்குப் போய் அவளிடம் சொன்னேன். கத்தியதற்கு வருந்துகிறேன் என்றும் சொன்னேன்.

"சரி சரி. இப்ப அவங்களுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை."

"அப்ப வீட்டுக்காரி பூசினான்னே எழுதுங்க. என்னமோ தவறி விழுந்துச்சுன்னு எழுதாதீங்க. நான் ஒண்ணும் தவறிப் பூசல, நெனைச்சுத்தான் பூசினேன்."

அப்படியே எழுதினேன். பத்துத் தகடுகள் நல்லவை. ஒன்று என் அவசரத்தால் கெட்டது. ஒன்று நான் அறுத்தது. எல்லாவற்றிலும் சாம்பல் இருக்கிறது. அதை என் மனைவி சாமிக்குப் படைக்கும்போது பூசினாள். இப்படியே நீராவிக்குள் வையுங்கள், தாங்கும். 'தாங்கும் என்று நினைக்கிறேன்' என்று முதலில் எழுதி, பிறகு கடைசி இரண்டு சொல்லையும் அடித்தேன். பொதி குறித்த நாளில் புறப்பட்டது.

இருபத்தாறு நாள் ஒரு செய்தியும் இல்லை. இருபத்தேழாம் நாள் தலைவி வீடியோ அழைப்பில் வந்தார். முதலில் கோபம். கறைபட்ட மாதிரிகளைச் சோதனைக்குள் விட மேலிடத்தில் சம்மதம் வாங்க அவர் பட்ட பாட்டைச் சொன்னார். நியாயமான கோபம். பிறகு சொன்னார்: பத்தில் ஒன்பது தாங்கிவிட்டன. தாங்காததும் ஓரத்தில்தான் உரிந்திருக்கிறது, கோட்டில் அல்ல. மற்றக் குழுவின் பூச்சு நீராவியைத் தாங்கியது. ஆனால் அதிலும் சாம்பல் வைத்துப் பார்த்தபோது அடிவரை இறங்கிவிட்டது. என் கலவையைக் கைவிடவில்லை. அடுத்த வருடத்துக்கு இருபத்து நான்கு தகடுகள் தருவார்கள். இந்த முறை சாம்பலும் சோதனைத் திட்டத்தில் உண்டு.

"ஒரு கோட்டுக்கு எவ்வளவு சாம்பல் வைத்தீர்கள்? அளவு இல்லாமல் அறிக்கையில் போட முடியாது" என்று கேட்டார். மனைவியைக் கூப்பிட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"மூணு வெரல்ல எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவு. இதுல என்ன அளவு?"

ஆனால் அளக்கத்தான் வேண்டும். அந்த வாரம் தராசில் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, அவளைப் பூசச் சொன்னேன். பத்துத் துண்டுகள். முதலில் மறுத்தாள். "சும்மா வெளையாட்டுக்கு எல்லாம் பூச வராதுங்க" என்றாள். பிறகு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, உதடு அசைய, குழைத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். காய்ந்தபின் நிறுத்தேன். பத்து எடைகளிலும் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து. தராசில் பிழையோ என்று வேறு பத்துத் துண்டுகளில் பூச வைத்தேன். நூற்றுக்கு நாலரை.

என் அறுபது முக்கல்களின் தடிப்புக் கணக்கு நோட்டில் இருந்தது. ஏழாவது தகட்டை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் நூற்றுக்குப் பதினொன்று.

இரண்டு கணக்கையும் தலைவிக்கு அனுப்பினேன். அன்று மாலை மனைவியைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் கரைசல் கிண்ணத்தைக் காட்டி, முக்கி இழுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, முக்கி, மேலே இழுத்தாள். திரவம் விளிம்பில் கொஞ்சமும் தேங்கவில்லை.

இருபத்து நான்கு தகடுகள் அடுத்த மாதம் வருகின்றன. நூற்றிருபது முக்கல். செய்யச் சம்மதித்திருக்கிறாள். பக்கத்தில் நின்று நான் சத்தமாக எண்ணக்கூடாது என்பது மட்டும் அவள் நிபந்தனை. ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணிக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.